சிவப்பு மை

நூல் தணிக்கை அதிகாரி வெய், சீனாவின் கைஃபெங் நகரப் பெண்கள் பள்ளிவாசல் ஆசிரியை யுலான் எழுதிய புத்தகத்தை அவர் முன்னால் எறிந்தார்.

"கன்பூசியஸ் பேரைச் சொல்லி அரபுச் சரக்கு விக்கிறியா? அந்நிய வாக்கியம் அஞ்சையும் சிவப்பு மையில அடிச்சிட்டேன். மத்ததை அச்சடிச்சுக்கோ."

"சரிங்கய்யா. அடிச்ச இடத்துல எல்லாம் உங்க முத்திரையைப் போட்டுடுங்க. நாளைக்கு யாரும் கேள்வி கேக்கக் கூடாது பாருங்க."

வெய் பெருமையோடு ஐந்து முத்திரை குத்தினார். யுலான் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

"நீங்க அடிச்ச அஞ்சும் கன்பூசியஸ் வாக்குய்யா. விட்டு வச்சதுதான் எங்க வேதம். கன்பூசியஸ் நூலைப் படிச்சு அரசாங்கப் பரீட்சை எழுதியிருந்தா தெரிஞ்சிருக்கும். பதவியை விலைக்கு வாங்கினா எப்படித் தெரியும்?"

வெய்யின் முகம் வெளுத்தது. "அதைக் குடு இப்படி!"

"தர்றேன், எங்கிட்ட இன்னொரு பிரதி இருக்கு. ஒரு வரி விடாம அச்சடிக்கலாம்னு அனுமதி எழுதிக் குடுங்க. இல்லேன்னா இது நேரா ஆளுநர்கிட்டப் போகும்."

வெய் தூரிகையை எடுத்து எழுதினார்.

"முத்திரை?" என்றார் யுலான்.