தோற்றவர் வீடு

வாசலில் ஊர்வலம் வந்து நின்ற சத்தம் கேட்டதும் அவள் அடுப்பை அணைத்தாள்.

அம்மா சொல்லிக் கொடுத்தது அது. கூட்டம் வருகிறதென்றால் முதலில் நம் வீட்டு நெருப்பை அணை. அவர்களுக்கு எடுத்துக் கொடுக்காதே.

முன்னறையில் அவள் கணவர் காலையில் படித்த செய்தித்தாளையே மறுபடி விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊருக்கு அவர் பல் டாக்டர். தொடர்ந்து மூன்று தேர்தலில் ஜெயித்துச் சட்டசபைக்குப் போனவர். இன்று மாலை வாக்கு எண்ணி முடித்தபோது மண்ணைக் கவ்வியிருந்தார். ஜெயித்தவர் ஒரு பழைய பஸ் கண்டக்டர். சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, விசில் என்றால்தான் தெரியும்.

"என்னங்க, பின்பக்கமா போயிடலாம்," என்றாள்.

"எதுக்கு?"

அரசியல் வாசனையே இல்லாத குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

நாடு விடுதலையாகி நடந்த முதல் தேர்தலில் அவள் அப்பா நின்றார். தோற்றார். அன்று பொழுது சாய்வதற்குள் அவர்கள் வீடு எரிந்தது. அம்மா அவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வேலி தாண்டி ஓடினாள். அப்பாவும் பிழைத்தார். ஆனால் வெந்துபோன இடது கை கடைசிவரை முழுதாக நீளவே இல்லை.

மேடையில் நாட்டின் முன்னேற்றம் என்றால் அணையைச் சொல்வார்கள், ராக்கெட்டைச் சொல்வார்கள். அவள் கணவரும் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். அவளுக்கும் அதில் பெருமைதான். ஆற்றின் மேல் பாலம் வந்த அன்று இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகச் சும்மாவே நடந்துவிட்டு வந்தவள் அவள்.

ஆனால் அவள் பார்க்கிற இடம் வேறு. ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் தோற்றவர் வீட்டுக்கு என்ன நேர்ந்தது என்று யாரிடமாவது விசாரித்துவிடுவாள்.

வெகுகாலம் தீதான். பிறகு அது கல்லாகக் குறைந்தது. கல் ஒருவழியாக அழுகிய முட்டைக்கு வந்து சேர்ந்தது. ஒரு தடவை, கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போனார்கள், அவ்வளவுதான் என்று கேள்விப்பட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பார்த்தவர்களுக்கு அவள் ஏன் சிரிக்கிறாள் என்றே விளங்கவில்லை.

அதெல்லாம் அடுத்தவர் வீடு. இன்று தோற்றவர் வீடு அவளுடையது.

கேட் கிறீச்சிட்டது.

"டேய், கத்தாதீங்கடா! வீட்ல பெரியவங்க இருக்காங்க."

ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்டுப் பழகிய குரல். மேளம் சட்டென்று அடங்கியது.

விசில் தனியாக உள்ளே வந்தார். தலையெல்லாம் ஜிகினாத்தாள். வலது கை கன்னத்தில் இருந்தது.

"மன்னிச்சுக்குங்க டாக்டர். பிரசாரம் பூரா உயிர் போற வலி. எதிர்க்கட்சி டாக்டர்கிட்ட போனா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்கன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப அதுவும் முடியல. கடிக்கிறதே அந்தப் பல்லாலதானே!"

பல் டாக்டர் செய்தித்தாளை மடித்து வைத்தார். மாலையிலிருந்து தொங்கிக் கிடந்த முகம் மெல்ல நிமிர்ந்தது.

வீட்டை ஒட்டிய கிளினிக்கைத் திறந்தார். உதவிக்கு இருக்கிற பெண் இன்று வரவில்லை. அவளே விளக்கைப் பிடித்தாள்.

நாற்காலி பின்னுக்குச் சாய்ந்தது. ஜெயித்தவர் கண்ணை மூடிக்கொண்டு வாயை ஆவென்று திறந்தார். தோற்றவர் ஊசியோடு அவர்மேல் குனிந்தார்.

ஜன்னல் கம்பிகளில் முகங்கள் அப்பிக் கிடந்தன.

மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில் டாக்டர் சொன்னார்: "இனிமே நீங்க எதிர்த்துப் பேச முடியாது. அதனால இப்பவே சொல்லிடறேன். குடிதண்ணிக் குழாய் வேலைய நான் ஆரம்பிச்சதுங்கிறதுக்காக நிறுத்திடாதீங்க."

"ஆங்," என்றார் விசில்.

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு தெருவரைக்கும் பரவியது. அவளும் சிரித்துவிட்டாள். விளக்கு ஆடியதில் டாக்டர் அதட்டினார். அப்பா இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று நினைத்தபடி விளக்கை மறுபடி நேராகப் பிடித்தாள்.

பல் வந்தது. விசில் வாய் நிறையப் பஞ்சோடு கும்பிட்டுவிட்டுப் போனார். தலைவர் பேசக் கூடாதென்பதால் தொண்டர்களும் பேசவில்லை. வெற்றி ஊர்வலம் மேளத்தைத் தோளில் சுமந்துகொண்டு ஓசைப்படாமல் தெரு முனையில் திரும்பியது.

கை கழுவிக்கொண்டே கணவர் கேட்டார்: "நல்ல மனுஷன்தான். ஆனா நம்ம தெருவுலயே அவருக்கு நிறைய ஓட்டு விழுந்திருக்காம். யாரு போட்டிருப்பா?"

"அது தெரியக் கூடாதுன்னுதானே மறைப்பு வச்சிருக்காங்க," என்றாள் அவள்.

வாக்குச்சாவடியில் அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் அவள் கொஞ்ச நேரம்தான் நின்றாள். கணவர் வெளியே அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவர்மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. இந்தத் தடவை அவரை எதிர்த்து நின்றவர் சொன்னது சரியாகப் பட்டது, அவ்வளவுதான். தோற்றவர் வீட்டுக்கு என்னவெல்லாம் நேர்ந்திருக்கிறது என்று அந்தத் தொகுதியிலேயே அவள் அளவுக்கு அறிந்தவர் கிடையாது.

அறிந்தேதான், விசிலின் பெயருக்கு நேராக, மை நன்றாகப் படியும்படி முத்திரையை அழுத்தி வைத்தாள்.