முழங்கால் ஊசி

கிளினிக்கில் றொஷேலும் அவளுடைய மாமி மாக்கிறட்டும் டொக்டருக்கு முன்னால் இருந்தார்கள். றொஷேல் கலியாணம் முடித்துக் கீரிக் கிராமத்துக்கு வந்து ஒரு வருஷம்தான். மாமியோ சுவரிலிருந்த மடுமாதா கலண்டரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

றொஷேல் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"பெண்ணுறுப்பு வறண்டுபோறதால வாற நோவு போலத்தான் கிடக்கு," என்றார் டொக்டரம்மா. "சோதிச்சுப்போட்டு ஜெல் ஊசி போடலாம். வெட்டுக்கொத்து ஒண்டுமில்லை."

"ஊசி நோகுமோ?"

"விறைக்கப் பண்ணிப்போட்டுத்தான் போடுவம். பிறகு கொஞ்ச நாளைக்கு மனுசனோட சேராமல் இருக்கவேணும்."

றொஷேல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா, நீங்கள் வெளியில இருங்கோ. மகள் கட்டிலில ஏறட்டும்."

மாக்கிறட் எழும்பினார். கைப்பையை றொஷேலின் மடியில் வைத்துவிட்டு, நேரே கட்டிலடிக்குப் போனார்.

"நோவு எனக்குத்தான், டொக்டர். வாய்திறந்து கேக்க வெக்கமாயிருந்தது, அதுதான் மருமகளைக் கதைக்கவிட்டனான். அவருக்கும் முழங்கால் ஊசியெண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனாங்கள்."

எல்லாம் முடிந்து இருவரும் வெளியே வந்தபோது, மாக்கிறட்டின் மனுசன் பஸ்ரியன் ஓட்டோவோடு காத்துநின்றார். பின்சீற்றில், மாக்கிறட் இருக்கிற பக்கம், வீட்டிலிருந்து கொண்டுவந்த தலகணி ஒன்றைப் போட்டிருந்தார்.

"ஊசி முழங்காலுக்கெல்லோ! இருக்கிற இடத்தில தலகணி என்னத்துக்கு?" என்றார் மாக்கிறட்.

"ஓமோம், முழங்காலுக்குத்தான். ஆர் கேட்டாலும் நானும் அப்பிடியே சொல்லுறன்," என்று கையைப் பிடித்து ஏற்றினார் பஸ்ரியன். "நீர் மெல்லமா இரும்."