ஜோடி சேராத ரேம்

"என்ன சார், திரும்பவும் தூக்கிட்டு வந்துட்டீக?"

முத்தரசுவுக்கு முகம் விழுந்துவிட்டது. கோட்டையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த சிபியுவை சூசைமரியான் வாத்தியார் மேசைமேல் இறக்கி, சுற்றியிருந்த போர்வையைப் பிரித்தார்.

போன வாரம் இதே காரைக்குடி மாடிக் கடையில்தான் முத்தரசு அதைச் சரிசெய்து அனுப்பினான். உள்ளே இரண்டு ரேம். ஒன்று கம்ப்யூட்டரோடு வந்தது. மற்றது வேறு கம்பெனி, வேறு வேகம். இரண்டும் ஒத்துப்போகாமல் அரைமணிக்கு ஒருதரம் எல்லாம் அப்படியே நின்றுவிடும்.

"பொருத்தம் பாக்க வேணாமா சார்? ஒண்ணு ஓடுது, ஒண்ணு நடக்குது. எந்தப் புண்ணியவான் இதைச் சேத்துப் போட்டது?" என்று அன்றைக்குக் கேட்டான்.

"எம் மகன்."

முத்தரசு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவர் மகன் அருண் ஜோசப் பைக்கில் அடிபட்டு இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"அவன் போனதுலேர்ந்து எங்க வீட்டுல அதுக்கு முன்னாடியேதான் உக்காந்திருக்கா. காலையில ஆரம்பிச்சா விளக்கு வைக்கிற வரைக்கும் சீட்டாட்டம். சீட்டுக்கட்டையே கையால தொட்டதில்ல அவ. சீக்கிரம் முடிச்சுக் குடுங்க தம்பி" என்றார் வாத்தியார்.

மகன் போட்ட ரேமைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, பழையதற்கு ஜோடியாக ஒன்றைத் தேடிப் போட்டு அனுப்பியிருந்தான்.

இப்போது மறுபடி இணைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டான். ஒரு தடங்கலும் இல்லை.

"இங்க நல்லாத்தானே ஓடுது. வீட்டுல எத்தனை தடவ ஹேங் ஆச்சு சார்?"

"ஒரு தடவகூட ஆகல."

"பெறகென்ன? அம்மா ஏதும் குறை சொன்னாகளா?"

"ஒண்ணும் சொல்லல."

வாத்தியார் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உள்ளே அந்தப் பொருந்தாத ரேம் இருந்தது.

"இதையே திரும்பப் போட்டுருங்க தம்பி."

முத்தரசுவுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டான்.

"தம்பி ஞாபகமா வச்சுக்கணும்னா மாதா படத்துக்கிட்ட வச்சுக்கங்க சார். இதுக்குள்ள எதுக்கு? பழையபடி நட்டநடுவுல நின்னுரும். அம்மாதான் தவிச்சுப் போவாக."

"ஞாபகத்துக்குன்னு இல்ல."

"அப்புறம்?"

கீழே கோட்டையூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. நேற்றைய வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நின்னாத்தேன் தம்பி, அவ 'ஏங்க'ன்னு என்னையக் கூப்புடுவா."