நகரும் சிவப்புக் கோடு

ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். அந்தக் கடன்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முத்துக்குமாரசாமி டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"பிஜு சுகமாத்தான் இருக்கான் சாரே," என்றாள் ஸ்ரீகுமாரி. "நேத்துகூட ஒம்பதாம் எபிசோடு பாத்திருக்கான்."

பிஜு அவளுடைய ஒரே மகன். விசாவுக்கென்று அவரிடம் கடன் வாங்கி வளைகுடாவுக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. முதலில் ஒழுங்காகத்தான் பணம் அனுப்பினான். இப்போது ஏழு மாசமாகப் பணமும் இல்லை, போனும் இல்லை.

அமரவிளையில் இந்த நாலு சென்ட் வீட்டின் பத்திரம் அவருடைய பீரோவில் இருந்தது. மாசாமாசம் வந்து வெறுங்கையோடு திரும்பி அலுத்துவிட்டது. இன்றைக்குப் பணமா வீடா என்று கேட்டுவிடுவதென்றுதான் புறப்பட்டு வந்திருந்தார்.

"சாருக்கு நம்பிக்கை இல்லெங்கி இதப் பாருங்க," என்று அவள் ரிமோட்டை எடுத்தாள்.

வளைகுடாவுக்குப் போகுமுன் பிஜு வீட்டிலிருந்த கேபிளை நிறுத்திவிட்டு நெட் போட்டானாம், இந்தப் பெரிய டிவியையும் மாட்டினானாம். கேபிள்காரன் வேலாயுதன் வயரைச் சுருட்டிக்கொண்டு போன கோபத்தில் இன்றுவரை அவளோடு பேசுவதில்லையாம். கேபிளில் யார் எதைப் பார்த்தார்கள் என்று யாருக்குத் தெரியும். இதில் அப்படி இல்லை, நான் அங்கே பார்க்கிறது இங்கே அம்மைக்குத் தெரியும் என்று மகன் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

திரையில் 'அம்மை' என்று ஒரு கட்டமும் 'பிஜு' என்று ஒரு கட்டமும் வந்தன. அவள் மகன் பெயரை அழுத்தினாள். ஒரு மலையாள சீரீஸ் பாதியில் நின்றது. படத்தின் அடியில் ஒரு சிவப்புக் கோடு.

பார்க்கப் பார்க்க அந்தக் கோடு நீளும் என்று அவள் விளக்கினாள். கை எட்டும் தூரத்தில் இருந்தவரிடம், அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் பேசினாள். எனக்குக் காது மந்தம் என்று யாரோ இவளிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று முத்துக்குமாரசாமி நினைத்துக்கொண்டார்.

"முந்தாநாளு கோடு இவ்வளவுதான் சாரே. இண்ணைக்கு இங்க வந்தாச்சு. வேல முடிஞ்சு, வயிறு நெறைய தின்னுட்டு, கட்டில்ல சாஞ்சாத்தானே படம் பாக்க முடியும்? பின்ன என்ன கொறை அவனுக்கு?"

அவருக்கும் அது சரியென்றே பட்டது. ஆள் இருந்தால் பணமும் வரும். போன மாசம் ஒரு வாரம் மட்டும் கோடு நகரவே இல்லை என்று அவளே சொன்னாள். அவள் புருஷன் பொன்னப்பன் எலிக்காய்ச்சலில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது. அப்பனுக்குச் சுகமில்லை என்று பிள்ளைக்கு எப்படியோ மனசில் தட்டியிருக்கிறது என்றாள்.

முத்துக்குமாரசாமி திரையில் நின்ற கோட்டை மறுபடி பார்த்தார். பிறகு, பொன்னப்பன் எங்கே என்று கேட்டார். வீட்டுக்குப் பின்னால் என்று கை காட்டினாள்.

பொன்னப்பன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர். கிணற்றடியில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கல்லில் சாய்த்து வைத்த பழைய போனில் அதே சீரீஸ் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

ஆள் நிழல் கண்டதும் போனைக் கவிழ்த்தார். பிறகு பொன்னப்பன் தானாகவே சொன்னார்.

மகன் செத்துப்போனது தை மாசத்தில். வேலை செய்த கட்டடத்தின் மேலிருந்து விழுந்துவிட்டான். கூடத் தங்கியிருந்த பெருங்கடவிளைப் பையன் ராபின்சன்தான் போன் செய்து சொன்னான். ஸ்ரீகுமாரியிடம் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இவர் திருவனந்தபுரம் போய் அடக்கத்துக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வளைகுடாவிலேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள்.

"அவளுக்க நெஞ்சு தாங்காது சாரே. அதாக்கும் அவனுக்க பேர்ல தெனமும் கொஞ்சம் ஓட்டி விடுகது." கத்தியின் முனையை விரலால் தடவிப் பார்த்தார். "பத்து எபிசோடோட இது தீரும். அதுக்குப் பெறவு எதப் போட? அவன் என்ன படம் பாப்பாண்ணு எனக்குத் தெரியல்லியே."

முத்துக்குமாரசாமி கிணற்றடியை விட்டு நகர்ந்தார். முன்பக்கம் வந்து செருப்பை மாட்டினார். ஸ்ரீகுமாரி ரோடு வரைக்கும் கூடவே வந்தாள்.

பத்திரத்தை நாளைக்கே கொண்டுவந்து தருவதாக அவர் சொன்னார். பையிலிருந்து கடன்சீட்டை எடுத்து நாலாகக் கிழித்தார். ஏன் என்று அவள் கேட்பாள் என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தார்.

அவள் கேட்கவில்லை. கிழிந்த துண்டுகளை வாங்கி உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டாள். கிணற்றடிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு முதல்முறையாகக் குரல் தாழ்ந்தது.

"கடன எப்பமும் போல மாசாமாசம் வந்து கேக்கணும் சாரே. எனக்குத் தெரியும்ணு அவருக்குத் தெரியாண்டாம்."