நிஞ்ஜாவும் ஆறு கைப் பேயும்

உடைந்த கண்ணாடித் தம்ளரைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த அம்மாவுக்கு, டிவியைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடியும் அந்த ஜப்பான் கார்ட்டூன் படத்தில் மூழ்கிக் கிடந்தாள். முகமூடி போட்ட நிஞ்ஜாப் பெண் ஒருத்தி, ஆறு கைப் பேயின் கைகளை ஒவ்வொன்றாக வெட்டி எறிந்துகொண்டிருந்தாள். திரை முழுக்க ரத்தம்.

"ஏண்டி, காலங்காத்தால உங்கப்பா ஆடின ஆட்டம் பத்தலையா? அந்த மனுஷன் தம்ளரை என் தலையைப் பார்த்து விசிறிட்டு வேலைக்குப் போறாரு. நீ என்னடான்னா உக்காந்து வெட்டுக்குத்துப் பாக்குற!"

மகள் காதில் எதுவும் விழவில்லை. கடைசிக் கையும் போனதும் பேய் மண்டியிட்டது. அவள் ரிமோட்டை அழுத்திப் பின்னால் ஓட்டினாள். பேய் மறுபடியும் மண்டியிட்டது.

"அப்பன் புத்தி அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு உனக்கு!"

அம்மா ஆத்திரத்தோடு ஹெட்போன் வயரைப் பிடுங்கினாள். பேயின் குரல் கூடம் முழுக்க அதிர்ந்தது.

"உன்மேல கை நீட்டினது என் தப்புதான். என்னை மன்னிச்சிடு!"

அம்மாவின் கையில் துடைப்பம் அப்படியே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு நடுங்கிய குரல்.

"அப்பாதாம்மா பேய்க்கு டப்பிங் பேசியிருக்காரு," என்றாள் மகள். "வீட்ல ஒரு நாளாவது உன்கிட்ட இப்படிச் சொல்லியிருக்காரா? அதான் திரும்பத் திரும்பக் கேக்குறேன்."

அம்மா துடைப்பத்தை மூலையில் வீசிவிட்டு மகளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பின்னால ஓட்டுடி. அந்தக் கையை வெட்டுவாளே, அங்கேயிருந்து போடு."