மாஸ்டர் பார்த்த வண்டி

"ஏங்க, எதிர்த்தாப்புல புது வண்டியா வரிசை கட்டி நிக்குது. நீங்க இந்தக் கொட்டகையில வந்து என்னத்தைத் துழாவுறீங்க?"

மனைவி கேட்டதை மாஸ்டர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. தகரக் கூரைக்குக் கீழே நின்ற பழைய கார்களில், கொஞ்சம் உயரமான சின்ன எஸ்யூவி ஒன்றை, கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல உள்ளங்கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்தார்.

ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவருடைய டிரைவிங் ஸ்கூலில் கற்றவர்கள். இந்தப் பழைய கார் வியாபாரியும் அப்படித்தான். அதனால்தான் 'மாஸ்டர், மாஸ்டர்' என்று பின்னாலேயே வந்துகொண்டிருந்தான்.

கற்றுக்கொள்ளாதவள் அவர் மனைவி ஒருத்திதான். கல்யாணமான புதிதில் ஒரு தரம் கேட்டாள். "நான் இருக்கும்போது உனக்கெதுக்கு அந்தத் தலைவலி?" என்றார். அந்த ஆசை அன்றோடு போயிற்று. வீட்டுக்கென்று ஒரு புது வண்டி வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. வாக்கப்பட்ட நாளிலிருந்து அவள் எங்கே போனாலும், கூரையில் பலகை வைத்த ஸ்கூல் காரில்தான் போயிருக்கிறாள்.

"தம்பி, நீயே கேளு இந்த அநியாயத்தை" என்றாள் வியாபாரியிடம். "என் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு, இருக்கிற நகையெல்லாம் போட்டுக்கிட்டு அந்த வண்டியில போய் இறங்குறேன். வாசல்ல நின்ன ஒருத்தன் ஓடி வந்து, 'காலையில கிளாஸ் இருக்கா'ங்கறான்."

வியாபாரி சிரித்தான். மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகனுக்கு வேலை கிடைத்ததும் புதிதாக ஒன்று எடுப்போம் என்று சொன்னவர் அவர்தான். மகன் வேலை கிடைத்து வெளியூருக்கே போய்விட்டான். காலையில் "கிளம்பு, கார் பார்க்கப் போறோம்" என்றதும், கண்ணாடிமுன் நின்று இரண்டு புடவை மாற்றிக் கட்டியவள் அவள்.

"இங்க வா. டிரைவர் சீட்ல உட்காரு" என்றார் மாஸ்டர்.

"மறுபடியும் நானா? ஒவ்வொரு வண்டியிலயும் நான் எதுக்கு ஏறி உட்காரணும்?"

"உன் உயரத்துல நிறையப் பேரு கிளாஸுக்கு வர்றாங்க. காலு எட்டுதான்னு பார்க்கணும்."

"அப்போ இதுவும் ஸ்கூலுக்குத்தானா? நான் அளவுகோலா?"

முணுமுணுத்தபடி உட்கார்ந்தாள். அவர் குனிந்து சீட்டை முன்னால் தள்ளினார். கொஞ்சம் உயர்த்தினார்.

"முன்னாடி பானெட் நுனி தெரியுதா?"

"தெரியுது."

"சைடு கண்ணாடியில பின்னாடி நிக்கிற லாரி? கழுத்தைத் திருப்பாம சொல்லு."

"தெரியுது, தெரியுது. லாரிக்குள்ள டிரைவர் மட்டும்தான் இல்லை."

முதலில் பார்த்த வண்டியை, முன்கண்ணாடியோரத் தூண் பாதையை மறைக்கிறது என்று அவளைக் கேட்டே ஒதுக்கியிருந்தார். அடுத்ததில் சீட் உயரவில்லை. இதற்குத்தான் தலையை ஆட்டினார்.

வியாபாரி சாவியை நீட்டினான். "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க மாஸ்டர்."

"நீயே ஓட்டு. நான் சத்தம் கேட்டாப் போதும்."

"உங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டா? டெஸ்ட் அன்னைக்கு உதறின மாதிரி உதறுமே மாஸ்டர்."

ஓட்டினான். மாஸ்டர் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு இன்ஜினைக் கேட்டபடி வந்தார். மகாராஜாவுக்கு ஓட்டிப் பார்க்கக்கூட உடம்பு வணங்கவில்லை என்று பின்சீட்டிலிருந்த மனைவி நினைத்துக்கொண்டாள்.

கொட்டகைக்குத் திரும்பியதும் வியாபாரி தலையைச் சொறிந்தான். "இது தானா கியர் மாறுற வண்டி. ஸ்கூலுக்குச் சரிப்படுமா மாஸ்டர்?"

"சரிப்படும்."

"முன் பம்பர்ல கீறல் கிடக்கு. பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடறேன்."

"வேணாம், கிடக்கட்டும். புது வண்டின்னா எங்க இடிச்சிடுவோமோன்னு கத்துக்கிறவங்க பயந்தே சாவாங்க. இதுல அந்தப் பயம் இருக்காது."

அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"கீறல் விழுந்ததாத் தேடிப் பிடிச்சு வாங்குற மனுஷனை இப்பத்தான் பார்க்கிறேன். யாரோ பெத்ததுங்க பயப்படக் கூடாது, அதுக்கு இவ்வளவு யோசனை. கட்டினவ ஒண்ணு ஆசைப்பட்டா அது காத்தோட போச்சு. உங்க கண்ணுக்கு நான் என்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கேன்?"

மாஸ்டர் அந்தக் கீறலை விரலால் தடவிக்கொண்டிருந்தார். வியாபாரி டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான். அவள் முகத்தைத் திருப்பி எதிர் ஷோரூமைப் பார்த்தாள். அங்கே யாரோ ஒரு குடும்பம், புது வண்டிமுன் நெருக்கியடித்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

வியாபாரி நிமிர்ந்து மாஸ்டரிடம் வந்தான்.

"அப்போ இதையே முடிச்சுடலாம் மாஸ்டர். பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் மாட்டிக் குடுத்துடறேன். ஓட்டுறவங்க தடுமாறினா நீங்க மிதிச்சு நிறுத்தணுமே."

"அது வேணாம்ப்பா" என்றார் மாஸ்டர், மனைவியின் பக்கம் திரும்பாமலே. "ஸ்கூலை மூடப் போறேன், இது இவ ஓட்டுறதுக்கு. இவளுக்குக் கத்துக் குடுக்கிற வரைக்கும் பார்வை தாங்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதுக்கப்புறம் எதிர்ல வர்றது லாரியா ஆளான்னே எனக்குத் தெரியப் போறதில்லை, பிரேக்கை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"