எட்டுக் கிலோ

தராசில் எண்கள் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கின. குழந்தை காலை உதைத்தால் கூடியது, அழுகையை நிறுத்தினால் குறைந்தது.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எட்டு கிலோ நூத்திப்பத்து!" என்றாள் நர்ஸ். "அப்பாடா, இந்தத் தடவை உங்க பொண்ணு ஏமாத்தல."

ஏமாற்றியது பெண் இல்லை, அவர்தான்.

குழந்தைக்கு வயது பதினேழு மாதம். லேசில் வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒரு மரபணுக் கோளாறோடு பிறந்தவள். தாடை சின்னது, மேலண்ணத்தில் பிளவு. குடிக்கிற பாலில் பாதி மூக்கு வழியாகத் திரும்பி வந்துவிடும். பேச்சு வருவதற்குள் அண்ணத்தை மூடித் தைத்துவிட வேண்டும் என்றார் பெரிய டாக்டர். இந்தத் தாடையோடு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, எட்டுக் கிலோ ஏறாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று சொன்னவரும் அவர்தான்.

இரண்டு முறை திருப்பி அனுப்பியாகிவிட்டது. முதல் முறை ஏழு கிலோ இருநூறு. மூன்று மாதம் கழித்து ஏழு ஐந்நூறு.

அந்த முந்நூறு கிராமுக்கு அவர் மனைவி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம், நாளைக்கு எட்டு வேளை. நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டி கரண்டியாக, ஒவ்வொரு கரண்டிக்கும் மூக்கைத் துடைத்து. மகள் ஏறிய எடையெல்லாம் அம்மாவிடமிருந்துதான் இறங்கியது.

போன வாரம் கரண்டியைப் பிடித்தபடியே உட்கார்ந்து தூங்கிப்போனாள். விழித்ததும், "இன்னொரு மூணு மாசம்னா என்னால முடியாதுங்க" என்றாள். அழக்கூட இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவர் திரைச்சீலை தைப்பவர். சீலை காற்றில் பறக்காமல் நேராக விழுவதற்குக் கீழ் மடிப்புக்குள் ஈய வில்லைகளை வைத்துத் தைப்பார்கள். கோட்டுப் பொத்தான் அளவு இருக்கும், ஒன்று இருபத்தைந்து கிராம்.

நேற்று மதியம் கடையிலேயே உட்கார்ந்து மகளுக்கு ஒரு கவுன் தைத்தார். அகலமான சுருக்கு, கெட்டியான மடிப்பு, மடிப்புக்குள் பன்னிரண்டு வில்லைகள். இந்த மூன்று மாதத்திலும் முந்நூறுதான் ஏறியிருந்தால் மகள் ஏழு எண்ணூறு, வில்லைகளோடு எட்டைத் தாண்டிவிடுவாள். எடை பார்க்கும் அறையில் குளிர் அதிகம், உடுப்பைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள் என்பது இரண்டு முறை வந்துபோனதில் தெரிந்திருந்தது.

கணக்கு அச்சாகப் பலித்துவிட்டது. நாளைக் காலை அறுவை சிகிச்சை. மனைவி இனியாவது தூங்குவாள்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மயக்க மருந்து டாக்டரம்மா சீட்டை இழுத்து எடையை எழுதினார்.

"உங்க குழந்தைக்கு மூச்சுப்பாதை ரொம்பக் குறுகல். மருந்து கொஞ்சம் கூடினாலும் தாங்காது" என்றார், எழுதிக்கொண்டே. "அதான் இந்த எடைய வச்சே ஒவ்வொரு சொட்டும் கணக்குப் பண்ணுவோம்."

அந்த எடையில் முந்நூறு கிராம் ஈயம்.

மனைவியைப் பார்த்தார். அவள் தராசையும் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்களுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது.

வாயை மூடிக்கொண்டால் நாளைக்கே எல்லாம் முடிந்துவிடும். திறந்தால் மறுபடி மூன்று மாதம், மறுபடி அதே கரண்டி.

டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"அந்த எடை பொய் டாக்டர்."

மீதியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஈயம், மடிப்பு, பன்னிரண்டு, முந்நூறு கிராம். சொல்லி முடித்ததும் மனைவியின் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. அந்த மூன்று மாதத்தைத் தன் கையாலேயே அவள் தலையில் ஏற்றிவிட்டதாகத் தோன்றியது.

நர்ஸின் முகம் இறுகிவிட்டது. கவுனை உருவி எறிந்துவிட்டுக் குழந்தையை மறுபடி தராசில் உட்காரவைத்தாள்.

எட்டு கிலோ பத்து கிராம்.

நர்ஸ் குழந்தையைத் தூக்கினாள். தராசைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வைத்தாள்.

எட்டு கிலோ பத்து கிராம்.

டாக்டரம்மா கவுனை எடுத்து ஓரத்தைச் சுற்றிலும் விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு அதை அப்படியே அவரிடம் நீட்டினார்.

மடிப்புக்குள் துணியைத் தவிர எதுவும் இல்லை. அவருடைய மெஷின் தையலை யாரோ பிரித்திருந்தார்கள். அந்த இடத்தில் கறுப்பு நூலில் கோணல்மாணலாக ஒரு கைத்தையல் ஓடியது. தூக்கக் கலக்கத்தில் போட்ட தையல் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

மனைவி குழந்தையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பைக்குள் கையை விட்டு ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். நன்றாகக் கனத்தது.

"காலையில போட்டுவிடும்போதே தெரிஞ்சுபோச்சு. பிரிச்சுட்டேன்" என்றாள். "அவ ஏறினா நான் ஊட்டி ஏறினதா இருக்கட்டும்."

அவர் முடிச்சை அவிழ்த்தார். பன்னிரண்டு வில்லைகளும் இருந்தன.

"நீங்க வாயத் திறப்பீங்களான்னுதான் பார்த்துட்டிருந்தேன்."

அதற்குள் அடுத்த வேளைக்கு நேரமாகிவிட்டது. அவள் பையிலிருந்து கரண்டியை எடுத்துத் துடைத்தாள்.